டச்பே கடற்கரையில் நாய்களுக்கு நடுவே சிறு பிள்ளைகள்: எப்படிப் பழக்குவது?

உவர்மலைத் தாய் கேட்கிறார்:

வணக்கம். எனக்கு 7 வயதில் ஒரு மகளும் 4 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கணவர் வெளியூரில் வேலை செய்வதால், மாலை வேளைகளில் இருவரையும் டச்பே கடற்கரைக்கு நானே தனியாக அழைத்துச் செல்கிறேன். அந்தக் கரையில் எத்தனை நாய்கள் மணலில் குழி பறித்துப் படுத்திருக்கும் என்பதைத் திருகோணமலையில் இருப்பவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. இதுவரை அவை தம் பாட்டில் கிடந்தன, நாங்கள் எங்கள் பாட்டில் விளையாடினோம்.

கடந்த சனிக்கிழமை மகன் ஒரு மாலுபணிஸைக் கையில் வைத்துக்கொண்டு, கரையில் இழுத்து விடப்பட்டிருந்த படகு ஒன்றின் பக்கமாகப் போனான். படகின் நிழலில் ஒரு பெட்டை நாய் நான்கைந்து குட்டிகளுடன் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அவன் குந்தியிருந்து பணிஸை நீட்டியிருக்கிறான். நாய் எழுந்ததும் பயந்து கையை இழுத்திருக்கிறான். நாய் முன்னங்கால்கள் இரண்டையும் அவன் தொடையில் வைத்துப் பணிஸைப் பறித்தது. அவன் வீரிட்டுக் கத்திக்கொண்டு ஓட, சற்றுத் தள்ளிப் படுத்திருந்த வேறு இரண்டு நாய்களும் எழுந்து துரத்தின. கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஓர் ஐயா குறுக்கே வந்து நின்று அதட்டியதால் அவை நின்றன. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தொடையில் நகம் பட்ட இரண்டு கீறல்கள் மட்டும் இருந்தன, இரத்தம் வரவில்லை, வீட்டுக்கு வந்து கழுவி மஞ்சள் பூசிவிட்டேன்.

என் கவலை இனித்தான். அன்றிலிருந்து மகன் ஒழுங்கைக்குள் ஒரு நாயைக் கண்டாலே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறான். இன்று காலை முன்பள்ளிக்குப் போகவே மறுத்துவிட்டான். மகளோ இதற்கு நேர்மாறானவள். எந்த நாயைக் கண்டாலும் கிட்டப் போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறாள். கோணேஸ்வரத்துக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மான்களைப் பார்க்க நின்றால், அவள் மானை விட்டுவிட்டு அங்கே நிற்கும் நாயைத் தேடிப் போகிறாள். ஒருவனுக்குப் பயம் அதிகம், மற்றவளுக்குப் பயமே இல்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லிக் கொடு என்கிறார் மாமியார். கையில் ஒரு தடியைக் கொடுத்து அனுப்பு என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணை. இருவரையும் ஒரே முறையில் எப்படிப் பழக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


ஓய்வுபெற்ற தாதி ஒருவரின் பதில்:

தங்கச்சி, பழக்குவதைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நீங்கள் அரை வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன விடயத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை பட்ட கீறல், இன்று திங்கட்கிழமை. இந்தப் பதிலை வாசித்து முடித்ததும் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரத்தம் வராத கீறல்தானே என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் விசர்நாய்க்கடி நோய் (ரேபிஸ்) கீறலாலும் தொற்றலாம். அந்த ஆபத்தைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் விலங்குகளால் ஏற்படும் காயங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. காயமில்லாத தோலை நாய் நக்குவதும் நாயைத் தொடுவதும் முதல் வகை. அதற்கு ஊசி வேண்டாம். இரத்தம் வராத சிறு கீறலும், மூடாத தோலில் பல் பட்டுக் கவ்வியதும் இரண்டாம் வகை. அதற்குத் தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்தாலோ, புண்ணிலும் வாயிலும் கண்ணிலும் எச்சில் பட்டாலோ அது மூன்றாம் வகை. அப்போது தடுப்பூசியோடு, காயத்தின் உள்ளேயும் சுற்றியும் ஏற்றும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். நாய் தன் பாதத்தை நக்கும் பழக்கமுள்ளது. நகத்தில் எச்சில் இருக்கலாம் என்பதால்தான் கீறலையும் கணக்கில் எடுக்கிறார்கள். எது எந்த வகை என்பதை வைத்தியர் காயத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும், நானும் நீங்களும் இங்கே முடிவு செய்ய வேண்டாம்.

மஞ்சளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் பூசிக்கொண்டு வந்த காயங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றால் பயனில்லை என்பது மட்டுமல்ல, சில பொருட்கள் காயத்தை எரித்துப் புண்ணாக்கிவிடும். செய்ய வேண்டியது மிகவும் எளியது: ஓடுகிற தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். விசர்நாய்க்கடி வைரசுக்கு வெளியே கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. சவர்க்காரம் அந்த உறையைக் குலைத்துவிடும். 15 நிமிடம் என்பது அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எவ்வளவு நீளமான நேரம் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு நாள் சென்றுவிட்டாலும் இப்போதும் ஒருமுறை நன்றாகக் கழுவிவிட்டுப் போங்கள்.

பிந்திவிட்டதோ என்று பதற வேண்டாம். இந்த வைரசு இரத்தத்தில் ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் 2 முதல் 3 மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும், சிலருக்கு ஓராண்டு கடந்தும் வந்திருக்கிறது. முகத்திலும் கழுத்திலும் தலையிலும் பட்டால் வழி குறுகியது, ஆகவே அவசரம் கூடியது. சிறு பிள்ளையின் முகம் நாயின் வாயின் உயரத்தில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம். அதற்கு முன், காலந்தாழ்த்தாமல் உரிய சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் நோயைத் தடுத்துவிடலாம்.

குட்டிக்கு விசர் வராது, வெயில் காலத்தில்தான் விசர் பிடிக்கும், விசர் பிடித்த நாய் வெறியோடுதான் ஓடும் என்ற மூன்றையும் நம்ப வேண்டாம். குட்டிகளுக்கும் வரும், மாரியிலும் வரும், ஒரு மூலையில் தாடை தொங்க எச்சில் வடித்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கிற நாய்க்கும் அது இருக்கலாம். நாயை 10 நாட்கள் கவனிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் நாய் சாகிறதா என்று பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருப்பது அதன் பொருளன்று. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். பத்து நாளிலும் அது நலமாக இருந்தால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை வைத்தியர் சொல்வார். அந்தக் கச்சான் ஐயாவைக் கேட்டால், குட்டி போட்ட நாய் இன்னும் அங்கே கிடக்கிறதா என்பது தெரியும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற கதை பழைய காலத்து மருந்தோடு போய்விட்டது. இப்போது மேற்கையில் போடுகிறார்கள், அரசாங்க வைத்தியசாலையில் காசும் இல்லை. பிள்ளையிடம் ஊசி இல்லை என்று பொய் சொல்லிக் கூட்டிச் செல்லாதீர்கள். அடுத்த தவணைக்கு அவனை இழுத்துக்கொண்டு போக நேரிடும்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவனை ஐந்தாம் நாளில்தான் கொண்டுவந்தார்கள். நாய்க்குக் கிட்டப் போனால் அடி விழும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்களாம். ஆகவே அவன் கடித்த இடத்தைப் பாடசாலைக் காலுறையால் மூடி மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். காலுறை புண்ணோடு ஒட்டிக்கொண்டபோதுதான் தாய்க்குத் தெரிந்தது. நல்ல வேளையாக அவன் தப்பிவிட்டான். உங்கள் பிள்ளைகளுக்கு வேறெதைச் சொல்லிக் கொடுத்தாலும், நாய் நக்கினாலும் கீறினாலும் கடித்தாலும் அம்மாவிடம் வந்து சொன்னால் ஏச்சு விழாது என்பதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.


உவர்மலைத் தாய்:

நன்றி அக்கா. கை நடுங்குகிறது. இப்போதே கழுவிக்கொண்டு புறப்படுகிறோம். வந்து எழுதுகிறேன்.


லிங்கநகரில் நாய்கள் வளர்ப்பவரின் பதில்:

தாதி அக்கா சொன்னது முடிந்த பிறகுதான் என் பதிலுக்கு இடம். என் வீட்டில் மூன்று நாய்கள் இருக்கின்றன. ஒழுங்கையில் திரியும் சிலவற்றுக்கும் இரவில் சோறு வைக்கிறேன். ஆகவே நாய்ப் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று யாராவது நினைத்தால் அதில் தவறில்லை.

நடந்ததை நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்தப் பெட்டை நாய் எதையும் புதிதாகச் செய்யவில்லை. அது குட்டிகளோடு கிடந்தது. தன் கண்ணுக்கு நேரே ஒருவன் குந்தினான். மீன் மணக்கும் பணிஸை நீட்டினான். பிறகு அதை இழுத்தான். நீட்டிய தீனை வெடுக்கென்று இழுத்தால் நாய் பாயும். மற்ற இரண்டும் பணிஸுக்காக ஓடவில்லை. கீச்சென்று கத்திக்கொண்டு ஓடுகிற சிறிய உருவம் எதுவாயினும் நாய்க்கு அது துரத்த வேண்டிய பொருள்தான். நின்றால் துரத்துவதற்கு ஒன்றுமில்லை. கச்சான் ஐயாவின் அதட்டலைவிட, அவர் குறுக்கே வந்து நின்றதுதான் அவற்றை நிறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் போதும்: நிற்பது. நான் என் தங்கையின் பிள்ளைகளுக்கு இதைப் பனைமரம் என்று சொல்லிப் பழக்கினேன். நாய் கிட்ட வந்தால் பனைமரம் ஆகிவிட வேண்டும். கால்கள் இரண்டும் ஊன்றியிருக்கும். கைகளை ஆட்டாமல் வயிற்றின் முன்னே கோத்துக்கொள்ள வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கண்கள் நாயின் கண்களைப் பார்க்காமல் தன் கால் பெருவிரலைப் பார்க்க வேண்டும். நாய் வந்து மோந்து பார்க்கும், இரண்டு சுற்றுச் சுற்றும், சுவை ஒன்றும் இல்லையென்று போய்விடும். அது போன பிறகும் ஓடாமல், முதுகு காட்டாமல், பக்கவாட்டில் மெதுவாக நகர வேண்டும். கையில் தின்பண்டம் இருந்தால் அதைக் கீழே போட்டுவிட வேண்டும். பணிஸைக் கொடுத்துப் பிள்ளையை வாங்குவது நட்டமில்லாத வியாபாரம். நாய் தள்ளி விழுத்திவிட்டால் ஆமை ஆகிவிட வேண்டும்: முகம் மண்ணைப் பார்க்க, முழங்காலை வயிற்றோடு மடக்கி, விரல்களைப் பிடரியில் கோத்து, முழங்கைகளால் காதுகளை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்க வேண்டும்.

வாயால் சொல்லிக் கொடுத்தால் 4 வயதுப் பிள்ளைக்கு ஏறாது. வீட்டு விறாந்தையில் நீங்களே நாயாகி, நான்கு காலில் போய், மோந்து பார்த்து, குரைத்து விளையாட வேண்டும். அவன் சிரித்தால் சிரிக்கட்டும். பயந்த பிள்ளைக்கு இந்த விளையாட்டு இன்னொரு வகையிலும் உதவும். பயம் வந்தால் செய்வதற்கு அவன் கையில் ஒரு வேலை இருக்கும். தினமும் இரண்டு நிமிடம் போதும்.

மகள் விடயம் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பயந்த பிள்ளை நாய்க்குத் தூரத்திலேயே நின்றுவிடும். பாசமுள்ள பிள்ளைதான் முகத்தைக் கொண்டுபோய் நாயின் வாய்க்கு முன் வைக்கும். கழுத்தைக் கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு. நாய்க்கு அது அசைய விடாமல் அமுக்குவது. பிடிக்கவில்லை என்பதை நாய் கடிப்பதற்கு முன்னால் பலமுறை சொல்லிவிடுகிறது, நாம்தான் வாசிப்பதில்லை. நித்திரை வராத நேரத்தில் கொட்டாவி விடும்; ஒன்றும் தின்னாமலே உதட்டை நக்கும்; முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் நம் பக்கம் வைத்திருக்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். இதற்கும் நாம் விலகாவிட்டால் உடல் விறைக்கும். ஓடிக்கொண்டிருந்த படம் நின்றதுபோல ஒரு கணம் அசையாமல் நிற்கும். அடுத்தது உறுமலோ பல்லோ என்பது நாயைப் பொறுத்தது. வாலை ஆட்டுகிறதே என்று நம்பிக் கிட்டப் போகவும் கூடாது. உடம்பு முழுவதும் நெளிந்து வால் தாழ்வாக ஆடுவது ஒன்று. உடம்பு விறைத்திருக்க, உயர்ந்த வால் மட்டும் குச்சி போல ஆடுவது வேறொன்று.

என் வீட்டு நாய் ஒன்று, பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரையும் கடிக்காத நாய், நித்திரையில் கிடந்தபோது என் தங்கையின் மகள் அதன் மேல் விழுந்துவிட்டாள்; திரும்பிய வேகத்தில் அவளுடைய கன்னத்தில் பல் பட்டது. தவறு நாயினதும் அல்ல, பிள்ளையினதும் அல்ல. ஒரு பிள்ளையையும் ஒரு கிழ நாயையும் ஒரே பாயில் விட்டுவிட்டுத் தேநீர் ஊற்றப் போன என்னுடையது. அன்றிலிருந்து தின்கிற நாய், நித்திரை கொள்கிற நாய், குட்டியோடு கிடக்கிற நாய், கட்டியிருக்கிற நாய் என்ற நான்குக்கும் கிட்டப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மகளை மற்ற நாய்களுக்குக் கிட்டவும் விடுவதானால், சொந்தக்காரர் பக்கத்தில் இருந்து, அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்து, பிறகு நாயும் தானாக அவளிடம் வந்தால் மட்டும் விடுங்கள். தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோகாமல், தாடைக்குக் கீழேயோ நெஞ்சின் பக்கத்திலோ இரண்டு தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் மீண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்குப் பிடித்திருக்கிறது. அப்பால் போனால் போக விட வேண்டும். சொந்தக்காரர் இல்லாத கடற்கரை நாயிடம் கேட்பதற்கு ஆள் இல்லை, ஆகவே தொடுவதும் இல்லை.

மாமியாரின் பழமொழிக்கு என் மறுமொழி: குரைத்துக்கொண்டே கடித்த நாய்களையும், குரைக்காமல் பின்னால் வந்து கெண்டைக்காலைப் பிடித்த நாய்களையும் நான் பார்த்திருக்கிறேன். குரைக்கிற நாய் "கிட்ட வராதே" என்கிறது, அவ்வளவுதான்.

வைரவர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. வைரவரின் வாகனம் என்று பிள்ளையின் கையில் வடையைக் கொடுத்து நாய்க்கு ஊட்டச் சொல்வது நம்மிடையே வழக்கம். வடையை இலையில் வைத்துக் கீழே வைத்துவிட்டு நான்கு அடி பின்னால் வந்தாலும் வைரவர் ஏற்றுக்கொள்வார்.


கிண்ணியாத் தந்தை:

சகோதரி, உங்கள் மகனின் நிலையை நான் நன்றாக அறிவேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பல பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். நாங்கள் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை. நாயின் எச்சில் பட்டால் கழுவித் துப்புரவாக்க வேண்டும் என்பது மார்க்கம். ஆனால் விலகி நில் என்று நாம் சொல்வது பிள்ளையின் காதில் ஓடு என்று விழுகிறது. என் மூத்த மகன் மதரசாவுக்குப் போகும் வழியில் ஒரு நாயைக் கண்டு ஓடி, நாய்க்குத் தப்பி, மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் பாய்ந்துவிட்டான். ஓட்டி வந்தவர் பிரேக்கைப் பிடித்ததால் அல்லாஹ் காப்பாற்றினான். அன்றுதான் எனக்குப் புரிந்தது, வீதியோரத்தில் நாயைவிட நாய்க்குப் பயந்த ஓட்டம் ஆபத்தானது என்று.

ஓடாதே என்று ஆயிரம் முறை சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. எதைச் செய்யக் கூடாது என்பது பயந்த நேரத்தில் நினைவுக்கு வராது. மேலே உள்ள சகோதரர் பனைமரம் என்றார். நான் மகனுக்குச் சொன்னது, நின்று ஸலவாத்து ஓதிக்கொண்டு பத்து வரை எண்ணு என்பதுதான். மனத்துக்குள் ஓத வேண்டும், உரக்க அல்ல. அதற்கு முன் ஒரு வாரம் கடை வாசலில் அவனை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து நாய்கள் என்ன செய்கின்றன என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவை பெரும்பாலும் ஒன்றுமே செய்வதில்லை என்பதை அவன் தானாகக் கண்டுபிடித்தான். உங்கள் மகனை உடனே நாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பயம் தெளிவிக்க முயல வேண்டாம். வீட்டு வாசலிலிருந்து, பிறகு ஒழுங்கை முனையிலிருந்து, பிறகு கடற்கரைச் சுவரில் இருந்தபடி என்று தூரத்தை அவனே குறைத்துக்கொள்ளட்டும்.

தடியைப் பற்றி. பெரியவர்கள் குனிந்து கல் எடுப்பதுபோலப் பாவனை செய்தாலே நம் ஊர் நாய்கள் பின்வாங்கும், அது நமக்கெல்லாம் தெரிந்த வித்தை. பிள்ளை அதைச் செய்யக் கூடாது. 4 வயதுப் பிள்ளை குனிந்தால் அதன் முகம் நேராக நாயின் மூக்குக்கு வந்துவிடும். அது மட்டுமல்ல, இன்று ஒரு பையன் கல்லெறிந்துவிட்டுப் போவான், நாளைக் காலை அதே இடத்தால் அதே அளவான பையையும் போட்டுக்கொண்டு போகும் வேறொரு பிள்ளையின் மேல் நாய் பாயும். எங்கள் வீதியில் சூ காட்டி விளையாடிய பெரிய பையன்களின் கணக்கைச் சின்னப் பிள்ளைகள்தான் தீர்த்தார்கள்.

உங்களைப் போல இரண்டு பிள்ளைகளோடு தனியாகப் போகிறவர்களுக்கு என் மனைவி சொல்லும் ஒரு விடயம்: நாயைக் கண்டதும் சின்னவனைத் தூக்கிவிட வேண்டும் என்றுதான் கை போகும். தூக்கினால் அவன் கால்கள் தொங்கும், ஆடும், நாய் எம்பிப் பார்க்கும். மூத்தவளைப் பிடிக்கக் கையும் மிஞ்சாது. முதலில் நீங்கள் நாய்க்கும் பிள்ளைகளுக்கும் நடுவே வந்து நில்லுங்கள். குடையோ பையோ இருந்தால் அதை உங்களுக்கும் நாய்க்கும் இடையில் பிடியுங்கள். பிள்ளைகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். நடக்கும்போதும் நாய் படுத்திருக்கும் பக்கம் நீங்கள், மறுபக்கம் பிள்ளைகள்.


பெயர் குறிப்பிடாத ஒருவர்:

இவ்வளவு பாடமும் பிள்ளைகளுக்கு எதற்கு? கட்டாக்காலி நாய்களைப் பிடித்து எங்காவது கொண்டுபோய் விட்டால் வேலை முடிந்தது. நாய்க்குச் சோறு வைப்பவர்கள்தான் இந்தப் பிரச்சினையை வளர்க்கிறார்கள்.


லிங்கநகரில் நாய்கள் வளர்ப்பவர்:

சோறு வைப்பவன் நான்தான், ஆகவே பதில் சொல்லும் கடமையும் எனக்குத்தான். 2006 முதல் இந்நாட்டில் தெருநாய்களைக் கொல்லாமல் விடும் கொள்கைதான் நடைமுறையில் இருக்கிறது. பிடித்து வேறு ஊரில் விட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொல்லை. இங்கேயோ, கரையில் மீன் கழிவும் கடைப் பக்கத்தில் எச்சில் இலையும் கிடக்கும்வரை, காலியான இடத்துக்கு ஊசி போடாத புதிய நாய்கள் வந்து சேரும். ஓர் இடத்து நாய்களில் 70 சதவீதத்துக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது அறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு நாய்கள் அடையாளம் தெரிந்தவையாகவும், கைக்கு வருபவையாகவும் இருக்க வேண்டும். நான் சோறு வைக்கும் நாய்களை ஊசி போட வரும் நாளில் நானே பிடித்துக் கொடுக்கிறேன். சோறு வைக்காதிருந்தால் அவை என் கைக்கு வந்திருக்காது. வீதியில் சோற்றைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நீங்கள் சொல்வதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். பிள்ளைகள் போகும் வழியில் சோறு வைக்கக் கூடாது.

எது எப்படியாயினும், நாய்கள் குறைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இந்தச் சகோதரியின் மகன் நாளைக் காலை முன்பள்ளிக்குப் போக வேண்டும்.


உவர்மலைத் தாய்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அன்று மாலையே வைத்தியசாலைக்குப் போனோம். காயத்தைப் பார்த்துவிட்டு அன்றே தடுப்பூசியைத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த நாட்களை ஓர் அட்டையில் எழுதித் தந்தார்கள். ஊசி இருக்கிறது, எறும்பு கடித்தது போல இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டிச் சென்றேன். அழுதான். ஆனால் அடுத்த தவணைக்குத் தானே கையை நீட்டினான். மஞ்சளைப் பற்றித் தாதியார் கேட்டபோது எனக்குத்தான் தலைகுனிவாக இருந்தது.

கச்சான் ஐயாவை மறுநாளே போய்க் கண்டேன். அந்தப் பெட்டை நாய் இன்னும் அதே படகின் கீழேதான் கிடக்கிறது, குட்டிகள் கண் திறந்து ஓடித் திரிகின்றன, தினமும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். நேற்றும் கேட்டேன், நலமாக இருக்கிறதாம். ஊசி போடும் நாளில் அதையும் பிடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.

பனைமர விளையாட்டில் மாமியாரும் சேர்ந்துவிட்டார். நாயாக நடிப்பது அவருடைய பங்கு. மகன் முதல் இரண்டு நாளும் சிரித்துச் சிரித்து விழுந்தான். மூன்றாம் நாள் முழங்காலை மடக்கி, விரல்களைப் பிடரியில் கோத்து, சொல்லாமலே ஆமையாகிவிட்டான். முன்பள்ளிக்குப் போகிறான், ஒழுங்கை முனை வரை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. கடற்கரைக்கு இன்னும் வர மறுக்கிறான், நான் வற்புறுத்தவில்லை. மகளுக்குத்தான் மனத்தாங்கல். பக்கத்து வீட்டு நாயைத் தொடுவதற்கு முன் அண்ணையிடம் கேட்கச் சொன்னேன், கேட்டாள், அது கொட்டாவி விட்டது, "அம்மா, இது வேண்டாம் என்கிறது" என்று முகம் தொங்கத் திரும்பி வந்துவிட்டாள்.

தாதி அக்காவிடம் ஒரு கேள்வி. கடைசித் தவணை வரும் நாளில் நாங்கள் மட்டக்களப்பில் ஒரு கலியாண வீட்டில் இருப்போம். திரும்பி வந்து இரண்டு நாள் பிந்திப் போடலாமா?


ஓய்வுபெற்ற தாதி:

பிந்த விட வேண்டாம் தங்கச்சி. அடுத்த தவணைக்குப் போகும்போது பயணத்தைப் பற்றி அங்கேயே சொல்லுங்கள். மட்டக்களப்பில் எந்த வைத்தியசாலைக்கு, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையைச் சேலைப் பெட்டிக்குள் வைக்காமல் உங்கள் கைப்பையில் வைத்திருங்கள். கலியாண வீட்டில் பந்தி முடியும் நேரத்தில் எச்சில் இலை போடும் பக்கம் நாய்கள் கூடும். அந்த நேரத்தில் இரண்டு பேரையும் உங்கள் பக்கத்திலேயே வைத்திருங்கள்.